குட்டி லப்டொப் தோழனாய் நின்ற கதை

மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார். தவிலும் நாதஸ்வரமும் முழங்குகின்றன. கால் கழுவச் செம்பில் தண்ணீர் தயார். மாப்பிள்ளையை வரவேற்க வேண்டிய தோழனும் தயார்தான். எனக்கு முன்னால் கதிரையில் வைத்த தட்டத்தில், ஒரு சின்ன லப்டொப்புக்குள், தலைப்பாகையோடு நிற்கிறான். ஆனால் அவனுக்கு எங்களில் ஒருவரையும் தெரியவில்லை. "அக்கா, ஒண்டும் தெரியேல்லை... ஒண்டும் தெரியேல்லை" என்று பிரான்சில் இருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

கலியாணவீடு, சாமத்தியவீடு, குடிபூரல், செத்தவீடு என்று வன்னி முழுக்கக் கமரா பிடித்த கை என்னுடையது. அன்றைக்கு அந்தக் கை ஸ்குரூ ட்றைவரைத் தேடிப் போனது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாய் வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த லப்டொப் அக்கா நல்லது?" என்பதுதான். அதற்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நடுவில் இருந்து தொடங்கினால் விளங்காது. லப்டொப்பை வாங்கின நாளில் இருந்து வருகிறேன்.

1. கொப்பி அளவு

கிளிநொச்சியில் ஒரு ஸ்ருடியோவில் வேலை செய்கிறேன். முதலாளி சிவபாலன் அண்ணை. அவர் படம் எடுப்பார், நான் வீடியோ எடுப்பேன். சாமத்தியவீட்டில் வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும்போது உள்ளே நின்று எடுக்க ஒரு பெண் வேண்டும் என்றுதான் என்னை முதலில் சேர்த்தார். சேர்ந்த நாளில் இருந்து இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே ஒற்றுமையாய் வேலை செய்கிறோம். அவருக்கு எல்லாம் பெரிதாய் இருக்க வேண்டும். பெரிய கமரா, பெரிய லைற், இரண்டு பேர் தூக்கினால்தான் அது கலியாண அல்பம். எனக்குக் கைக்கு அடங்கினது போதும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே காடு வெட்டிக் காணி செய்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சி, பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. கோபம் வந்தால் மட்டும் அம்மாவின் மலைநாட்டுத் தமிழ் வாய்க்குள் வந்து நிற்கும். "றஜனி வாங்க போங்க எண்டு தொடங்கினால் எல்லாரும் ஒதுங்கி நில்லுங்கோ" என்று அண்ணை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் கலியாணத்துக்கு வருகிற சனத்தில் பாதி பந்தலில், பாதி வெளிநாட்டில். கனடாவில் மாமி, சுவிசில் சித்தப்பா, லண்டனில் பெரியம்மா. அவர்கள் எல்லோரும் பார்க்க லைவ் போட வேண்டும். அதற்காக அண்ணை ஸ்ருடியோவில் இருந்த பெரிய கொம்பியூட்டரையே வான் பிடித்து அதில் ஏற்றிக்கொண்டு போவார். அதற்கு ஒரு மேசை, கதிரை, கரண்ட் போனால் தாங்குகிற பெட்டி, அந்தப் பெட்டியைத் தூக்க ஒரு ஆள். கலியாணவீட்டில் பந்தி வைக்கிற இடத்தில் பாதியை நாங்களே பிடித்துக்கொள்வோம்.

எனக்கு இது சரிவராது என்று பட்டது. வவுனியா பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மாடியில், ரகு என்று ஒருவர் பழைய கொம்பியூட்டர்கள் திருத்தி விற்கிறார். அங்கே போய் இருந்ததிலேயே சின்னதை, இருந்ததிலேயே மலிவானதை எடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி ஒன்றை விரித்த அளவுதான் இருக்கும். கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த மனுசிக்கே தெரியாது நான் கொம்பியூட்டர் கொண்டு போகிறேன் என்று.

அண்ணை அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உமக்கு விசரோ றஜனி? இது பிள்ளையளுக்கு விளையாடக் குடுக்கிற சாமானெல்லோ."

"மூர்த்தி சிறிதெண்டாலும் கீர்த்தி பெரிசு அண்ணை."

"கீர்த்தியைப் பேந்து பாப்பம். முதல் அது நித்திரையாலை எழும்பட்டும்."

மனுசன் சொன்னதிலும் பிழையில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் குசினிக்குப் போய், தண்ணீர் கொதிக்க வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தால்தான் அது கண் விழிக்கும். ஒரு வீடியோவைத் திறந்தால் இன்னொன்றைத் திறக்க விடாது. நானே அதற்குக் 'குட்டி' என்று பெயர் வைத்தேன். வைத்துவிட்டேன், இனி வளர்க்கத்தானே வேண்டும்.

2. குட்டி வளர்ந்தது

முதலில் றாம். றாம் என்பது வேலை செய்கிற மேசை மாதிரி. மேசை சின்னதென்றால் ஒரு சாமானை வைக்க இன்னொன்றைக் கீழே இறக்க வேண்டும். ரகு அடியில் இருந்த சின்ன மூடியைக் கழட்டி, இருந்த றாமை எடுத்துவிட்டுக் கூடினதைப் போட்டார். பக்கத்தில் நின்று பார்த்து நானும் பழகிக்கொண்டேன். இரண்டு திருகாணி, அவ்வளவுதான். அன்றில் இருந்து என் கைப்பையில் ஒரு ஸ்குரூ ட்றைவர் எப்போதும் இருக்கும்.

அடுத்தது ஹாட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். எங்கள் பக்கத்துக் கிறவல் றோட்டில் வான் குலுங்குகிற குலுக்கலுக்கு எந்தத் தட்டுத்தான் தாங்கும்? ரகு குட்டியைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "அக்கா, உள்ளுக்கை கறக் கறக் எண்டுது. மூச்சு நிக்க முதல் மாத்துவம்" என்றார். எஸ்எஸ்டி போட்டோம். அதற்குள் சுழல்கிற சாமானே இல்லை. தலைகீழாய்ப் பிடித்தாலும், ஓடினாலும், நடந்தாலும் கவலையில்லை. பொத்தானை அழுத்தினால் உடனே எழும்பி நின்றது. அதோடு எனக்குத் தேத்தண்ணி குடிக்கிற பழக்கமும் பாதியாய்க் குறைந்தது.

மூன்றாவது மாற்றம் நானாய்ச் செய்ததில்லை, ஐயர் செய்வித்தது. பரந்தன் பக்கம் ஒரு குடிபூரல். புது வீட்டின் நாலு மூலைக்கும் ஐயர் மாவிலையால் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். புதிதாய் இருக்கிற எல்லாச் சாமானும் சுத்தமாக வேண்டுமாம். குட்டியைப் பார்த்தார், வீட்டுக்காரர் புதிதாய் வாங்கினது என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் கூடுதலாகவே தெளித்தார். அதன் பிறகு ஒரு எழுத்தை அழுத்தினால் அதே எழுத்து வரி வரியாய் ஓடியது. ரகு கீபோட்டை மாற்றி, மேலே மெல்லிய றப்பர் மூடி ஒன்றும் போட்டுத் தந்தார். எங்கள் தொழிலில் தண்ணீர் வரும், பன்னீர் வரும், ஓமப்புகை வரும், பந்தியில் இருந்து சாம்பாரும் வரும். அலுவலகத்தில் மேசையில் இருக்கிற லப்டொப்புக்கு இந்த அனுபவம் கிடையாது.

பிறகு பற்றரி. பிறகு அன்ரெனா. குட்டிக்குள் இருந்த வைபை பலவீனம். றூட்டரைத் தடியில் கட்டி மாமரத்தில் ஏற்றி வைத்தாலும், பந்தலுக்குள் வந்தால் பிடிக்காது. ரகு பக்கத்தில் செருகுகிற ஒரு சின்ன அன்ரெனா தந்தார். சுண்டுவிரல் அளவு, சுண்டுவிரல் மாதிரியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

"குட்டிக்கு இப்ப வாலும் முளைச்சிட்டுது" என்றார் சிவபாலன் அண்ணை. வால் பிடித்த சிக்னலில் அவருடைய பெரிய கொம்பியூட்டரும் சேர்ந்து ஓடினது அவருக்கும் தெரியும்.

3. "நிக்கோணும்"

ஒரு நாள் காலை பரமேஸ்வரி அம்மா ஸ்ருடியோவுக்கு வந்தார். இரணைமடுக் குளத்துக்குக் கீழே வாய்க்கால் ஓரத்தில் வயல் செய்கிற குடும்பம். மகள் துளசிக்குக் கலியாணம். மாப்பிள்ளை பளையில் தென்னங்காணி வைத்திருக்கிறவர். மகன் கஜன் பிரான்சில். ஒரே மகன், ஒரே மகள். கஜனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அதனால் போனதில் இருந்து வீட்டுக்கு வரவேயில்லை.

எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் நின்று, மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது அவன். காலைக் கழுவினதும் மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போட்டுவிடுவார். சகோதரன் இல்லாவிட்டால் சித்தப்பா மகனோ பெரியப்பா மகனோ நிற்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. துளசிக்கும் சித்தப்பா மகன் சுதன் இருந்தான். எல்லோரும் அவனைத்தான் சொன்னார்கள்.

"சுதன் தங்கமான பெடியன். நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றார் பரமேஸ்வரி அம்மா. "ஆனா பிள்ளை, கஜன் சின்னனிலையே தங்கச்சிக்குச் சொல்லி வைச்சவன், உன்ர மாப்பிள்ளைக்கு நான்தான் கால் கழுவுவன், மோதிரமும் எனக்குத்தான் எண்டு. எனக்கு இன்னொரு பொம்பிளைப் பிள்ளை இல்லை. இதை விட்டால் அவன் நிக்கிறதுக்கு வாசல் இல்லை."

அண்ணை உடனே, பந்தலில் பெரிய ரீவி ஒன்று வைத்து அதில் கஜனைக் காட்டலாம் என்றார். அம்மா தலையாட்டினார், ஆனால் ஆமென்று அல்ல.

"ரீவியிலை இருந்தால் அவன் கலியாணம் பாக்க வந்த ஆள். பாக்கிறது வேறை, நிக்கிறது வேறை. அவன் வாசலிலை நிக்கோணும்."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் குட்டியைப் பார்த்தேன். பெரிய கொம்பியூட்டரை வாசலுக்கு நடத்திக்கொண்டு போக முடியாது. ஸ்ருடியோவில் படம் எடுப்பதற்கு வைத்திருந்த வெள்ளித் தட்டத்தை எடுத்து, குட்டியைத் திறந்து அதில் வைத்தேன். தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. சுற்றிவர வெற்றிலையும் பூவும் வைக்க இடமும் மிஞ்சியது. தூக்கிக்கொண்டு கடைவாசல் வரைக்கும் நடந்து காட்டினேன்.

"கால் கழுவத் தண்ணியைச் சுதன் வாக்கட்டும். கஜனை நான் கொண்டு வாறன்" என்றேன்.

பரமேஸ்வரி அம்மா தன் இரண்டு கையாலும் தட்டத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இதுக்குள்ளை நிப்பானோ?" என்றார். நிற்பான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஏனென்றால், கஜனோடு முகம் பார்த்துக் கதைக்கிறதும் மற்ற நாட்டுச் சொந்தங்களுக்கு லைவ் போகிறதும் ஒரே நேரத்தில் குட்டியில் ஓட வேண்டும். பரீட்சித்துப் பார்த்தபோது திக்கியது. வவுனியாவுக்கு ஓடிப்போய் இன்னும் கூடின றாம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"கலியாணத்துக்குக் கிட்டவா சாமானைக் கழட்டாதையும். ஓடுறதை ஏன் நோண்டுறீர்?"

நோண்டின பிறகு நன்றாய் ஓடியது. கஜனோடு இரண்டு தரம் ஒத்திகை பார்த்தோம். தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்ருடியோவைச் சுற்றி நடக்க, அவன் அங்கிருந்து, "அக்கா, மெல்லமா, எனக்குத் தலை சுத்துது" என்று சிரித்தான். பழைய றாமை ஒரு கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டு வைத்தேன், ஆபத்துக்கு உதவும் என்று.

4. வாசலில்

கலியாணம் வீட்டில்தான், முற்றத்தில் பந்தல் போட்டு. எங்களுக்கு நல்ல காலை வெயில், கஜனுக்கு அங்கே இன்னும் விடியவில்லை. ஆனாலும் அறையில் இருக்கிற கூட்டாளிப் பெடியள் எல்லோரும் எழும்பி அவனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். கிட்டப் பார்த்தேன், கட்டில் விரிப்பு. வெள்ளைச் சேர்ட், கழுத்தில் சால்வை. இடுப்புக்குக் கீழே வேட்டியோ என்று பிறகு கேட்டபோது, "வீட்டிலை கட்டுற சாரம்தான் அக்கா, நீங்கள் காட்டமாட்டியள்தானே" என்றான்.

எல்லாம் சரியாய்த்தான் இருந்தது. மாப்பிள்ளையின் வான் சந்திக்கு வந்துவிட்டது என்றார்கள். குட்டியைத் தட்டத்தோடு சாமியறைக்கு முன்னால் ஒரு கதிரையில் வைத்துவிட்டு, மாமரத்தில் கட்டின றூட்டரை ஒருக்கால் பார்த்துவிட்டு வரப் போனேன். கஜன் தலைப்பாகையைச் சரிசெய்ய அந்தப் பக்கம் திரும்பி நின்றான். திரும்பி வந்து தட்டத்தைத் தூக்கினேன். திரை வாசலைப் பார்த்தபடி, நான் பின்னால். எனக்குத் தெரிந்தது குட்டியின் முதுகு மட்டும்தான்.

வாசல் படலைக்குக் கிட்டப் போகும்போது கஜன் கேட்டான், "அக்கா, கமராவை நிப்பாட்டினீங்களோ? ஒண்டும் தெரியேல்லை."

நிற்பாட்டவில்லை. தட்டத்தை ஒரு கதிரையில் இறக்கித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அவனை வடிவாய்த் தெரிகிறது. குரலும் கேட்கிறது. அவனுக்கு மட்டும் இருட்டு. கமராவை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன், இருட்டு. அன்ரெனாவைக் கழட்டிச் செருகினேன், இருட்டு.

அதற்குள் மாப்பிள்ளை வானால் இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார். மேளம் உச்சத்தில். மாப்பிள்ளையின் பெரியப்பா, தலை நரைத்த, நேரத்தில் கறாரான மனிதர், மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போகுது. சுதன் தம்பியே தோழனா நிக்கட்டும். கொம்பியூட்டரைப் பேந்து பாக்கலாம்."

அதில் நியாயம் இல்லை என்று யார் சொல்வது? சுதன் தலைப்பாகையைத் தேடத் தொடங்கினான். பந்தலுக்குள் துளசி எழும்பி நின்று எட்டிப் பார்க்கிறாள். பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த சிவபாலன் அண்ணை என் காதுக்குள், "நான் அப்பவே சொன்னனான், றாமை நோண்டாதையும் எண்டு" என்றார்.

அந்தச் சொல் என் மூளையில் போய் ஒட்டிக்கொண்டது. றாம்தான். புது றாம்தான் சனியன். கழட்டிவிட்டுப் பழையதைப் போட்டால் சரி. கைப்பையைத் திறந்து ஸ்குரூ ட்றைவரை எடுத்தேன். கலியாணவீட்டு வாசலில், பட்டுச்சேலையோடு, குட்டியை அணைக்கக்கூட இல்லை, அப்படியே பக்கவாட்டில் சரித்துப் பிடித்து முதல் திருகாணியில் வைத்துவிட்டேன். சரித்தபோது திரை நேரே சூரியனைப் பார்த்தது.

"அக்கா!" என்றான் கஜன். "இப்ப இருட்டில்லை. மஞ்சளாக் கிடக்கு. நடுவிலை சிவப்பா ஒரு பொட்டு."

மஞ்சள். நடுவில் சிவப்பு.

கலியாணவீட்டில் அன்று எதற்குத்தான் பொட்டு வைக்கவில்லை? செம்புக்குப் பொட்டு, அம்மிக்குப் பொட்டு, வானுக்குப் பொட்டு, என் கமராத் தாங்கியின் மூன்று காலில் ஒன்றுக்குக்கூடப் பொட்டு. கண் பழகிப் போய்விட்டது. குட்டியைத் திருப்பித் திரைக்கு மேலே, விளிம்பின் நடுவில் பார்த்தேன். அங்கே, மிளகை விடச் சின்னதாய்க் கமராக் கண் இருக்க வேண்டிய இடத்தில், நல்ல கட்டியாய் அரைத்த சந்தனம், வட்டமாய், அதன் மேல் குங்குமம்.

எனக்கு அம்மாவின் தமிழ் வந்துவிட்டது.

"யாருங்க இது? யாருங்க கமராவுல சந்தனம் வச்சது? அறிவு வேணாமாங்க?"

சிவபாலன் அண்ணை இரண்டடி பின்னால் போனார். மேளகாரர் நிற்பாட்டிவிட்டார்கள். அந்த அமைதிக்குள் பரமேஸ்வரி அம்மா முன்னுக்கு வந்தார். வலது கை மோதிரவிரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"நான்தான் பிள்ளை" என்றார். "தோழனை வெறும் நெத்தியோடை வாசலுக்கு அனுப்புறதோ? முகத்திலை பட்டால் அவனைத் தெரியாமல் போயிடும் எண்டு கொஞ்சம் மேலை தள்ளி வைச்சனான்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, அவசரத்தில் சேலைத் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"அக்கா, துடையாதேங்கோ."

கஜன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். திரையில் அவனுடைய முகம் கிட்டே வந்து நின்றது. ஒன்றும் தெரியாத அந்த மஞ்சளைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா எனக்குப் பொட்டு வைச்சு எத்தினை வருசம். கொஞ்ச நேரம் கிடக்கட்டும் அக்கா."

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது, கமராவைத் துடைக்க எடுத்த சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா தன் மணிக்கூட்டைச் சேர்ட் கைக்குள் இழுத்து மறைத்தார். பிறகு மேளகாரர் பக்கம் திரும்பி, "ஏன் நிண்டனீங்கள்? இன்னொரு உருப்படி வாசியுங்கோ, நேரம் கிடக்கு" என்றார்.

வாசித்தார்கள். அது முடியும் வரைக்கும் நாங்கள் எல்லோரும், மாப்பிள்ளை உட்பட, வாசலில் சும்மா நின்றோம். பிறகு நான் சேலைத் தலைப்பின் நுனியை முறுக்கி, நாக்கில் நனைத்து, கமராக் கண்ணுக்கு மேல் இருந்ததை மட்டும், ஒரு கடுகளவு, மெல்லமாய்த் துடைத்தேன். பொட்டு அப்படியே இருந்தது, நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையால் கஜன் முதலில் பார்த்தது தன் தாயை.

"அம்மா" என்றான்.

"ஓம் மோனை" என்றார் பரமேஸ்வரி அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கதை பேந்து கதைக்கலாம். மாப்பிள்ளை வெயிலுக்கை நிக்கிறார், வாசலுக்கு நட."

நடந்தோம். சுதன் தண்ணீர் வார்த்தான். கஜன் திரைக்குள் நின்று குனிந்து, இரண்டு கையாலும் கழுவுவது போல் கையை அசைத்தான். அது ஒருவருக்கும் பகிடியாய்த் தெரியவில்லை. மோதிரம் வந்தபோதுதான் பகிடி வந்தது. மாப்பிள்ளை மோதிரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லப்டொப்பை மேலும் கீழும் பார்த்தார். எங்கே போடுவது? பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுக்க முதல், மாப்பிள்ளையின் கண், பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்ற அன்ரெனாவில் விழுந்தது.

"மச்சான், விரலை நீட்டும்" என்று சொல்லி, மோதிரத்தை அன்ரெனாவில் போட்டுவிட்டார். அளவெடுத்துச் செய்த மாதிரி இறங்கியது. பிரான்சில் கஜன் உண்மையாகவே விரலை நீட்டிக்கொண்டு நின்றான். பந்தல் முழுக்கச் சிரித்தது. துளசி சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அலங்காரம் குலையும் என்று அவளுடைய மாமி ஏசினார்.

"வாலெண்டு சொன்னன். விரலாப் போச்சு" என்றார் சிவபாலன் அண்ணை. அவர் என்னிடம் தோற்றேன் என்று சொன்னது அந்த ஒருமுறைதான், அதையும் நேரே சொல்லவில்லை.

நான் தட்டத்தை ஏந்தி முன்னால் நடக்க, மாப்பிள்ளை தட்டத்தின் ஓரத்தில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். தாலி கட்டும் வரைக்கும் கஜன் மணவறைக்குப் பக்கத்தில் நின்றான். றாமும் தாக்குப்பிடித்து நின்றது, பற்றரியும் தாக்குப்பிடித்து நின்றது.

5. கழட்ட முதல்

அடுத்த முறை ரகுவிடம் போனபோது நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "றாமுக்கும் கமரா இருட்டுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?" என்றார். ஒரு சம்பந்தமும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அன்றைக்குக் கூடத்தைத்தான் இடிக்கப் பார்த்தேன். அந்தத் திருகாணியைக் கழட்டி றாமை இழுத்திருந்தால், கஜனுடைய தொடர்பு அறுந்து, சுதன் தோழனாய் நின்று, கலியாணமும் குறைவில்லாமல் முடிந்திருக்கும். ஒரு தாய்க்கு மட்டும் குறையாய் இருந்திருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, லப்டொப் வாங்குங்கள். சின்னதை வாங்குங்கள், மலிவானதை வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், பிறகு றாம், பிறகு நல்ல பற்றரி. கீபோட்டுக்கு மூடி போட மறக்க வேண்டாம், ஐயர்மார் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் சாமான் வேலை செய்யாவிட்டால் ஸ்குரூ ட்றைவரை எடுக்க முதல், கடைசியாய் இதைத் தொட்டது யார், என்ன நினைத்துத் தொட்டார் என்று கேளுங்கள். எங்கள் ஊரில் சாமான் பழுதாவதில் பாதி அன்பினால்தான்.

இப்போது சகோதரன் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் எங்களிடம் 'தோழன் லப்டொப்' கேட்கிறார்கள். ஒவ்வொரு தாயிடமும் நானே சந்தனக் கிண்ணத்தை நீட்டி, பொட்டு வைக்கிற இடத்தையும் காட்டுகிறேன், கமராவுக்கு ஒரு விரல் தள்ளி. குட்டியின் மூடி போன வருசம் முறிந்தது. ரகு முறிவைத் திருத்திவிட்டு, திரையைச் சுற்றியிருக்கிற விளிம்பிலும் மஞ்சள் கறை பிடித்துக் கிடக்கிறது, அதையும் மாற்றிவிடலாம் என்றார். அதை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கஜனுக்கு இன்னும் விசா சரிவரவில்லை. மோதிரத்தை அன்றே பரமேஸ்வரி அம்மா அன்ரெனாவில் இருந்து கழட்டிச் சாமியறையில் வைத்துவிட்டார், அவன் வந்து போடட்டும் என்று. சந்தைக்கு வரும் நாட்களில் ஸ்ருடியோ வாசலில் ஒருக்கால் நிற்பார். எனக்கு ஆண்பிள்ளை இல்லை, இரண்டும் பெண்கள் என்பது அவருக்கு நன்றாய்த் தெரியும். ஆனாலும் என்னைக் கண்டவுடன் கேட்பது ஒரே கேள்விதான்.

"பெடியன் எப்பிடி பிள்ளை, சுகமா இருக்கிறானோ?"

"சுகமா இருக்கிறான் அம்மா. புதுப் பற்றரி போட்டனான்."

கைப்பையைத் திறந்து காட்டுவேன். அந்த மஞ்சள் இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு இரணைமடு பஸ்ஸுக்கு நடப்பார்.